நின்றாலும் அமர்ந்ததாகக் கருதப்படுவார்

மணற்குடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் முத்துப்பேச்சி கேள்வி நேரத்தில் எழுந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு; அதற்குப் பிறகு ஆறு வருடமும் ஏழு மாதமும் அவள் உட்காரவில்லை.

அவள் அடம்பிடித்து நின்றவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னாளில் அவளைப் பற்றி மேடைகளில் பேசியவர்கள் எல்லோரும் அவள் ஏதோ சபதம் எடுத்துக்கொண்டு நின்றாள் என்பதுபோலவே பேசினார்கள். அவள் உட்காரத்தான் ஆசைப்பட்டாள். கீழவலசை உப்பளத்தில் இருபத்திரண்டு வருடம் பாத்திக்குள் நின்று உப்பு வாரியவளுக்கு உலகத்தில் உள்ள சுகங்களிலெல்லாம் பெரிய சுகம் உட்காருவதுதான். கூட்டணிப் பேச்சில் அந்தத் தொகுதி ஒரு சின்னக் கட்சிக்குப் போய், அந்தச் சின்னக் கட்சிக்கு நிறுத்துவதற்கு ஆள் கிடைக்காமல், சங்கத்தில் வாய் திறந்து பேசுகிறவள் என்று அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, அவளே எதிர்பாராமல் ஜெயித்து, சட்டமன்றத்துக்குள் முதல் தடவையாகப் போய் அந்த மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்த அன்று, தங்கை வடிவுக்குப் போன் போட்டுச் சொன்னது வேறொன்றும் இல்லை, அந்த நாற்காலியைப் பற்றித்தான்.

“அமுங்குதுட்டி. அப்படியே உள்ள அமுங்குது. எந்திரிக்கவே மனசு வரல பாத்துக்கோ.”

ஒன்றரை வருடம் அப்படி அமுங்கி உட்கார்ந்திருந்த பிறகுதான் அவளுடைய முதல் கேள்வி பட்டியலில் வந்தது. கீழவலசை உப்பளங்களில் வேலை செய்யும் நானூறு பெண்களுக்கு வெயிலுக்கு ஒதுங்க ஒரு நிழற்கூடமும், ஒரு கழிப்பறையும் கட்டித்தர அரசு ஆவன செய்யுமா என்பது கேள்வி. அவ்வளவுதான். கடல் தெரிகிற வரைக்கும் ஒரு செடி கிடையாது, ஒரு சுவர் கிடையாது. விடிவதற்கு முன்னால் பாத்திக்குள் இறங்குகிற பெண்கள் மதியம் கரையேறும் வரைக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், குடித்தால் ஒதுங்குவதற்கு இடம் வேண்டும் என்பதால். அப்படிக் குடிக்காமல் குடிக்காமல் நாற்பது வயதுக்குள் முகமும் காலும் வீங்கி, சிறுநீரகம் சுருங்கி, ஒவ்வொருத்தியாகப் படுத்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் சொல்ல அவளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். அவள் ஒன்றரை நிமிடத்தில் சொல்லி முடித்தாள்.

தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அறவாழி, நல்ல மனிதர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்: “மாண்புமிகு உறுப்பினர் அவர்களின் கோரிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளது.”

துணைக் கேள்வி கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. “பரிசீலன எப்பங்கய்யா முடியும்?”

“விரைவில்.”

முத்துப்பேச்சி நன்றி சொல்லிவிட்டு உட்காரப் போனாள். முழங்கால் மடங்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். மடங்கவில்லை. சரி, கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும் என்று காலை எடுத்து வைக்கப் பார்த்தாள். கால் தரையை விட்டு வரவில்லை.

“உறுப்பினர் அமரவும்,” என்றார் சபாநாயகர்.

“முடியலங்கய்யா.”

“பதில் சொல்லியாகிவிட்டதே அம்மா, அமருங்கள்.”

“நான் உக்காரதுக்குத்தாங்கய்யா பாக்கேன்.”

ஆளுங்கட்சிக்காரர்கள் இது ஏதோ போராட்டம் என்று மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் இது போராட்டம்தான் என்று நினைத்துக் கைதட்டினார்கள், சபைக் காவலர்கள் நாலு பேர் வந்து அவளைத் தூக்கிப் பார்த்தார்கள், பிறகு எட்டுப் பேர் தூக்கிப் பார்த்தார்கள், நனைந்த உப்பு மூட்டைகளை அடுக்கிவைத்த வண்டியைத் தூக்குவது மாதிரி இருக்கிறது என்று சொல்லி வியர்வையைத் துடைத்துக்கொண்டு விலகினார்கள். மதியம் அரசாங்க மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து, தரையில் மண்டியிட்டு, இரண்டு முழங்காலையும் தட்டித் தட்டிப் பார்த்தார். எலும்பு நன்றாக இருந்தது, நரம்பு நன்றாக இருந்தது.

“என்ன கேள்வி கேட்டீங்க?” என்றார் டாக்டரம்மா.

முத்துப்பேச்சி சொன்னாள்.

“பதில் வந்துச்சா?”

“வரலம்மா. பரிசீலனையில இருக்குன்னாவ.”

“அப்ப அதான்,” என்று சொல்லி, மாத்திரை எதுவும் எழுதாமல், காலுக்குத் தேய்க்க எண்ணெய் மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

முதல் வாரம் எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது, இரண்டாம் வாரம் பழகிவிட்டது. சபைக்குள் ஒரு பெண் நின்ற இடத்தில் நிற்கிறாள் என்றால் அவளுக்கு ஆகவேண்டியது ஆக வேண்டும் அல்லவா, அதற்காகத் தேக்குச் சட்டமும் பச்சைத் துணியும் போட்டு ஒரு மடக்குத் தடுப்பு செய்து, அவளைச் சுற்றி இழுத்துவிடுகிற மாதிரி சக்கரம் வைத்து, துப்புரவுக்கு இரண்டு பெண்களை நியமித்து, தண்ணீர்க் குழாய் ஒன்றைத் தரைக்கு அடியில் கொண்டுவந்து, இத்தனைக்கும் சேர்த்து மூன்றே நாளில் உத்தரவு போட்டார்கள். கோப்பு ஒரே காலையில் நாலு துறைகளைத் தாண்டி வந்தது. அந்தத் தடுப்பை முதல் தடவை இழுத்துவிட்ட சபைக் காவலர் தமயந்தி, “நீங்க கேட்டது வந்துடுச்சே மேடம், ஒரு ஆளுக்கு மட்டும் வந்திருக்கு,” என்றாள். முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வந்தது, அதற்கப்புறம் வெகுநேரம் அழுகையும் வந்தது.

இரவில் சாய்ந்து தூங்குவதற்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பலகையை நிறுத்தி, காலையில் பக்கத்தில் நகர்த்திவைத்தார்கள். கால் வீங்காமலிருக்கத் தமயந்தி தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டாள். சபைக்கு வருகிறவர்கள் இடத்துக்கு அடையாளம் சொல்வதற்கு அவளைச் சொன்னார்கள்: நம்ம முத்துப்பேச்சி அக்காவுக்கு வலப்பக்கம் மூன்றாவது நாற்காலி, அக்காவுக்குப் பின்னால் இரண்டாவது வரிசை. மழைக்காலத்தில் சிலர் ஈரத் துண்டை அவள் பலகையில் காயப்போட்டார்கள். சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாடத்திலிருந்து அவளுக்குக் கையசைத்தார்கள், அவளும் அசைத்தாள்.

வாக்கெடுப்பு வந்தபோதுதான் சிக்கல். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும் என்று சபாநாயகர் சொன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள், எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கவும் என்றாலும் நின்றுகொண்டிருந்தாள், நடுநிலை வகிப்பவர்கள் என்றாலும் அப்படியே. இரண்டு பக்கமும் அவளைத் தங்கள் கணக்கில் சேர்க்கச் சொல்லி இரண்டு நாள் வாதாடினார்கள். மூன்றாம் நாள் சபாநாயகர் பழைய விதிப்புத்தகங்களை எல்லாம் புரட்டிவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார்: “மணற்குடி உறுப்பினர் நின்றாலும் அமர்ந்ததாகவே கருதப்படுவார்.” அந்தத் தீர்ப்பு அச்சாகி எல்லா உறுப்பினர்களுக்கும் வந்தது. அதன்படி அவள் அமர்ந்திருந்தாள். அமர்ந்திருப்பவர் பேச எழுந்து நிற்க வேண்டும், அவளோ எழ முடியாதவள், ஆகவே அவள் அதற்குப் பிறகு எந்தக் கேள்வியும் புதிதாகக் கேட்க முடியாமல் போயிற்று. வாக்கும் இல்லாமல் போயிற்று. பழைய கேள்வி மட்டும் அவளுடன் நின்றது.

அந்த நாட்களில் அவளுக்கு ஆதரவாகச் சபையில் பெருங்குரலெடுத்துப் பேசியவர் எதிர்க்கட்சி வரிசையில் இருந்த இன்னாசிமுத்து. அவரும் கடற்கரைக்காரர், பக்கத்துத் தொகுதி. “அந்தச் சகோதரி நிற்கிறார், இந்த அரசு உட்கார்ந்திருக்கிறது!” என்று அவர் கை நீட்டிப் பேசியது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. வெறும் பேச்சுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. இடைவேளையில் எல்லோரும் உணவகத்துக்குப் போகும்போது அவர் ஒரு டம்ளர் சுக்குக் காப்பியை அவள் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பார். ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு அவளோடு காலையிலிருந்து சபை முடியும்வரை நின்றார். மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

“எப்படிக்கா நிக்கிய?” என்று திரும்பி வந்ததும் கேட்டார்.

“இது மெத்தத் தரைல்லா, தம்பி. பாத்தியில நின்னா கீழ உப்புத் தண்ணி, மேல வெயிலு, கண்ணு முன்னால வெள்ள வெளேர்னு உப்பு. அதுக்கு இது தேவல. ஆனா அங்க மத்தியானம் கரையேறிருவோம் பாத்துக்கோ. இங்க கரையில்ல.”

கீழவலசையில் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றால், முதலில் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். நம்ம பேச்சி நமக்காக நிக்கா என்று பாத்திக்குப் போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டார்கள். வடிவு வீட்டில்தான் தொகுதி அலுவலகம் நடந்தது, பாத்தியிலிருந்து கரையேறி வந்து மனுக்களை அவள் வாங்கிக் கட்டுக் கட்டாகத் தலைநகரத்துக்கு அனுப்பினாள். காலையில் வரப்பில் ஒருத்தியை ஒருத்தி பார்த்தால் கேட்பது ஒரே கேள்விதான்.

“பேச்சி இன்னும் நிக்காளா?”

“நிக்கா.”

“அப்ப பதிலு வரல.”

“வரல.”

இது நாளாக நாளாக, சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல, பதிலை எதிர்பார்க்காமல் கேட்கிற ஒன்றாக ஆயிற்று. இதில் ஒரு கெடுதியும் வந்து சேர்ந்தது, அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் எப்போதாவது எவளாவது கோபம் வந்து, நாமளே நாலு கம்பு நட்டு ஓலையைச் சுத்தினா என்ன என்று கேட்பாள், இரண்டு பேர் ஆமாம் என்பார்கள், கங்காணி முறைப்பார், பேச்சு அமுங்கிப்போகும். இப்போது கங்காணி முறைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. எவளாவது வாயெடுத்தால் மற்றவர்களே சொன்னார்கள், அங்க ஒருத்தி நமக்காக நிக்கா, அரசாங்கம் பரிசீலன பண்ணிக்கிட்டு இருக்கு, நாம முந்திக்கிட்டா அவ நின்னதுக்கு என்ன அர்த்தம், பொறு. பொறுத்தார்கள். பொறுத்துக்கொண்டே தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள்.

தேர்தல் வந்தது. முத்துப்பேச்சி நிற்பாளா என்று கட்சிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். வேட்புமனுவைச் சபைக்குள் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனார்கள். பிரச்சாரத்துக்கு அவள் வர முடியாது, எதிர்த்து நின்றவர் இதையே பிடித்துக்கொண்டு, மூன்றரை வருடமாகத் தொகுதிப் பக்கமே வராதவருக்கா உங்கள் ஓட்டு என்று கேட்டார். ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள், போனதைவிட இரண்டு மடங்கு அதிகமாக அவளுக்கே போட்டார்கள். சபை கலைந்து, வெள்ளையடித்து, நாற்காலிகளுக்குப் புதுத் துணி போட்டு, புதுச் சபை கூடியபோது அவள் அதே இடத்தில் இருந்தாள். பதவிப் பிரமாணத்தை மட்டும் மேசையை அவளருகில் நகர்த்திவந்து செய்துவைத்தார்கள்.

ஆட்சி மாறியிருந்தது. இன்னாசிமுத்து தொழிலாளர் நலத்துறை அமைச்சராக வந்திருந்தார்.

அன்றைக்குத் தமயந்தி அவளுக்குப் புதுச் சேலை கட்டிவிட்டாள். முத்துப்பேச்சி தன் நாற்காலியின் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வடிவு ஊரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளைச் சுற்றி முப்பது நாற்பது பேர். பழைய சபையில் பதில் வராமல் நின்ற கேள்வி என்று கேள்வி எண்ணை வாசித்ததும், அமைச்சர் எழுந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. கோப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“மாண்புமிகு உறுப்பினர் அவர்களின் கோரிக்கை,” என்றார், “அரசின் பரிசீலனையில் உள்ளது.”

இடைவேளையில் அவர் வந்தார். கையில் காப்பி இல்லை.

“யக்கா, கோவமா?”

“கோவப்படத் தெம்பு வேணும்லா தம்பி.”

“செய்வேன்க்கா. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. வந்து ஒரு மாசந்தான் ஆவுது.”

அவள் பொறுத்தாள். அவளுக்கு வேறு வழியும் இல்லை. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேள்வி வந்தது, ஒவ்வொரு தொடரிலும் அவர் எழுந்தார், அதே வாக்கியத்தை வாசித்தார். நாளடைவில் அவர் கோப்பைப் பார்க்காமலே சொன்னார். தலைமயிர் நரைத்தது, சர்க்கரை வந்தது, சபையில் அவருடைய பெருங்குரல் எங்கேயோ போய்விட்டது. அவளைத் தாண்டிப் போகாமலிருக்கப் பின்பக்கக் கதவு வழியாக வரப் பழகிக்கொண்டார்.

இரண்டாவது சபையின் மூன்றாம் வருடத்தில் வடிவு அவளைப் பார்க்க வந்தாள். தனி அனுமதி வாங்கி, மதிய இடைவேளையில், வெறுமையான சபைக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள். அக்காவின் காலடியில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த விளக்கெண்ணெயைத் தேய்க்க ஆரம்பித்தாள். முத்துப்பேச்சி குனிய முடிந்த அளவு குனிந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே பை பையாக வீங்கியிருந்தது. எண்ணெய் தேய்க்கிற விரல்களில் மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

“ஏட்டி, தண்ணி குடிக்கியா?”

“குடிக்கேன்.”

“பொய் சொல்லாத.”

“எங்கக்கா குடிக்க? நீ இருக்கும்போது எப்படியோ அப்படித்தான் இப்பவும்.” வடிவு தேய்ப்பதை நிறுத்தவில்லை. “டாக்டர் பாத்தாவ. கிட்னி ரெண்டும் போச்சுன்னாவ. வாரத்துக்கு ரெண்டு தடவ மிஷின்ல வைக்கணுமாம். நீ ஒண்ணும் நெனச்சுக்கிடாத. நீ நிக்கதப் பாத்தா நான் படுத்துருக்கது ஒண்ணுமில்லல்லா.”

“அங்க ஒரு ஓலத் தட்டி வச்சுக்கிடக்கூடாதாட்டி நீங்களா?”

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை போலிருந்தது. “நீ நிக்கேல்லாக்கா,” என்றாள். “பதிலு வரணும்லா.”

தங்கை போன பிறகு முத்துப்பேச்சி தமயந்தியிடம் தடுப்பை இழுத்துவிடச் சொன்னாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக, தான் நிற்பது யாருக்காக என்பது அவளுக்குக் குழம்பிப்போயிற்று.

பங்குனி மாதம், பட்ஜெட் கூட்டத்தொடரில் ஒரு வியாழக்கிழமை காலை, சபை கூடுவதற்கு ஒருமணி நேரம் முன்னால், இன்னாசிமுத்து முன்பக்கக் கதவு வழியாக வந்தார். நடையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“வடிவா?”

அவர் தலையை ஆட்டினார். “விடியக்காலம். ஊர்லருந்து எனக்குத்தான் போன் போட்டாவ, நீங்க தனியா இருப்பியன்னு.”

அவள் சத்தம் போடாமல் அழுதாள். நின்றுகொண்டே அழுகிறவர்களைப் பார்க்கிறது கஷ்டம், ஏனென்றால் அவர்களுக்குச் சரிந்து உட்கார இடமில்லை; இன்னாசிமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அது ஒன்றுதான் அவரால் முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“தம்பி, ஒண்ணு கேக்கேன். உண்மையச் சொல்லணும். கட்டுவியளா?”

அவர் சுற்றிலும் பார்த்தார். தமயந்தி மட்டும்தான் கதவருகில் இருந்தாள்.

“இல்லக்கா. கட்ட மாட்டோம். அந்த நெலம் எந்தத் துறையோடதுன்னு நாலு துறைக்குள்ள சண்ட. உப்பு மொதலாளிமாரு வேண்டாம்னுட்டாவ, ஒண்ணு கட்டினா அடுத்தது கேப்பியன்னு. அவிய சொன்னா எங்க மேல உள்ளவிய கேப்பாவ. அறவாழி ஐயா காலத்துலயும் இதுதான், என் காலத்துலயும் இதுதான். பரிசீலனன்னு ஒண்ணு நடக்கவே இல்லக்கா. கோப்பத் தொறந்தா உள்ள உங்க கேள்வி மட்டுந்தான் இருக்கு.”

அவள் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. கோபமும் வரவில்லை, தேடிப் பார்த்தாள், வரவில்லை.

“இத சபையில சொல்லு.”

“யக்கா...”

“இன்னிக்குக் கேள்விப் பட்டியல்ல நான் இருக்கேன். எந்திரிச்சு இத சொல்லு.”

“சொன்னா இன்னிக்கே என் பதவி போயிரும்க்கா. அரசாங்கம் இல்லன்னு சொல்லாது. எந்த அரசாங்கமும் சொல்லாது. அப்படி ஒரு வார்த்த எங்க கோப்புலயே கெடையாது.”

“உன்னயத் திட்டுததுக்காகச் சொல்லல. எனக்குக் காலு வலிக்கி, தம்பி.” அவள் குரல் ஏறவே இல்லை. “என் தங்கச்சிய எடுக்கதுக்குள்ள நான் ஊருக்குப் போவணும். நீ ஆமாம்னாலும் சரி, இல்லன்னாலும் சரி. ஒரு பதில சொல்லி என்னய விடு.”

கேள்வி நேரம் பத்து மணிக்குத் தொடங்கியது. அவளுடையது ஆறாவது கேள்வி. அதற்கு முன்னால் ஒரு பாலம், ஒரு கல்லூரி, இரண்டு சாலை, ஒரு கால்நடை மருந்தகம், எல்லாம் பரிசீலனையில் இருந்தன. உறுப்பினர்கள் பாதிப்பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபாநாயகர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு எண்ணை வாசித்தார். இன்னாசிமுத்து எழுந்தார். கோப்பை எடுக்கவில்லை. இந்தத் தடவை அவர் அவளைப் பார்த்தார்.

“மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே. மணற்குடி உறுப்பினர் கேட்ட கேள்விக்குப் பதில்.” தொண்டையைச் செருமினார். “இல்லை. கட்டித்தர மாட்டோம். முன்னாலும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை.”

சபை செல்போனிலிருந்து தலையைத் தூக்கியது. அப்படி ஒரு சத்தமற்ற நேரம் அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்னால் இருந்ததில்லை. அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது, காய்ந்த மட்டை முறிகிற மாதிரி, இரண்டு முழங்கால்கள் மடங்குகிற சத்தம். முத்துப்பேச்சி உட்கார்ந்தாள்.

நாற்காலி அமுங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு வருடம் ஏழு மாதத்தின் கனம் காலிலிருந்து இறங்கித் தரைக்குள் போவது தெரிந்தது, பாதம் மரத்து, பிறகு ஊசி குத்துவதுபோலக் குத்தி, பிறகு சாதாரண வலியாக, வயசான பெண்ணின் சாதாரணக் கால்வலியாக மாறியது. ஆளுங்கட்சி வரிசையில் இருந்தவர்கள் இன்னாசிமுத்துவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள், எதிர்க்கட்சியில் உட்கார்ந்திருந்த அறவாழி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார், சபாநாயகர் அமைச்சரின் பதில் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்று மூன்று தடவை அறிவித்தார். நீக்கினார்கள். ஆனால் அவள் உட்கார்ந்துவிட்டாள், அதை நீக்க வழியில்லை. ஒரு நிமிடம் போல அப்படி இருந்துவிட்டு, தமயந்தியின் தோளைப் பிடித்து எழுந்து, தானாக நடந்து, வெளியே வெயிலுக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் இன்னாசிமுத்துவின் பதவி போயிற்று. கார் இல்லாமல் வீட்டுக்கு நடந்தே போனதைப் பார்த்தவர்கள், அவர் நல்ல நடை நடந்தார் என்று சொன்னார்கள்.

வடிவை மறுநாள் மதியம்வரை வைத்திருந்தார்கள். முத்துப்பேச்சி ஊருக்குள் வந்து இறங்கியபோது உப்பளத்திலிருந்து பாத்தி ஈரத்தோடு வந்த பெண்கள் வாசலெல்லாம் நின்றார்கள். அவள் தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள், மோதிரம் புதைந்த விரலைப் பிடித்துக்கொண்டு எடுக்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தாள். காடுவரை போன ஆண்கள் திரும்பி வந்து, குளித்து, கலைந்த பிறகுதான், சந்தனமாரி என்பவள், வடிவோடு ஒரே பாத்தியில் வேலை செய்தவள், மெதுவாகக் கேட்டாள்.

“உக்காந்துட்டியக்கா. அப்ப பதிலு வந்துட்டா?”

“வந்துட்டு.”

“என்ன சொன்னாவ?”

“இல்லன்னுட்டாவ.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பரிசீலனையில இல்லயா?”

“இல்ல. எப்பவும் இருந்ததில்லையாம்.”

சந்தனமாரி தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, பிறகு எல்லோரும். யாரும் மாரில் அடித்துக்கொள்ளவில்லை, யாரும் அரசாங்கத்தைத் திட்டவில்லை. நெடுந்தூரம் தலையில் வைத்துச் சுமந்ததை இறக்கிவைத்தவர்கள் மாதிரி மூச்சு விட்டார்கள். “இத அன்னைக்கே சொல்லிருந்தா என்ன,” என்றாள் ஒருத்தி, பொதுவாக. சொம்பில் தண்ணீர் சுற்றி வந்தது, குடித்தார்கள்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, கீழவலசைப் பெண்கள் உப்பு வாரும் பலகையையும் கூடையையும் வீட்டில் வைத்துவிட்டு, சவுக்குக் கம்பும் பனையோலையும் தென்னங்கிடுகும் கயிறும் கடப்பாரையுமாக உப்பளத்துக்குப் போனார்கள். நானூறு பேரும் போகவில்லை. நூற்றுப் பத்துப் பேர் இருக்கும். மற்றவர்கள் பயந்து பாத்திக்குள் இறங்கினார்கள், இறங்கி, வாருவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரிய வரப்பு இரண்டு சேருகிற மேட்டில் குழி தோண்டினார்கள். உப்புத் தரை, கடப்பாரை நங் நங்கென்று திருப்பியடித்தது. முத்துப்பேச்சியால் தோண்ட முடியவில்லை, கால் இன்னும் அவளுடையதாக ஆகவில்லை. கம்பு சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கங்காணி ஐகோர்ட்துரை சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“ஏய், என்ன நடக்கு இங்க? யாரு உத்தரவு?”

யாரும் கையை நிறுத்தவில்லை. சந்தனமாரிதான் குழியிலிருந்து நிமிர்ந்து, நெற்றி வியர்வையை முழங்கையால் வழித்துவிட்டுச் சொன்னாள்.

“அரசாங்கத்துக்கிட்ட கேட்டோம்ணாச்சி. முடியாதுன்னு பதிலு வந்துட்டு. அதான் கட்டுதோம்.”

ஐகோர்ட்துரை வாயைத் திறந்தார். அப்படி ஒரு பதிலுக்கு என்ன சொல்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. முதலாளிக்குப் போன் போட எடுத்தார், என்னவென்று சொல்வது என்று யோசித்து, போனைப் பிடித்தபடியே நின்றார். அதற்குள் பெண்கள் அடுத்த குழிக்குப் போயிருந்தார்கள்.